கணினித் திரையில் ஓர் ஆய்வுக்கூடம்



"பையன் கைத்தொலைபேசியில் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "பாடம் படிக்கிறான்" என்கிறார் தாயார். "பாடமாவது! விளையாடிக் கொண்டிருக்கிறான்" என்கிறார் தகப்பனார். எட்டிப் பார்த்தால் திரையில் ஒரு மின்கலமும் இரண்டு விளக்குகளும் சில கம்பிகளும் தெரிகின்றன. பையன் விரலால் கம்பியை இழுத்து விளக்கோடு சேர்க்கிறான். விளக்கு எரிகிறது. கம்பியை எடுக்கிறான். விளக்கு அணைகிறது. இது பாடமா, விளையாட்டா?

இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. பள்ளியில் கணினி வழியாகப் பாடம் நடக்கிறது. வீட்டிலும் அதைத் தொடரச் சொல்கிறார்கள். கருவி வாங்கப் பணம் வேண்டும், அதற்கு மாதாமாதம் இணையச் செலவும் உண்டு. இவ்வளவு செலவு செய்தால் பிள்ளைக்கு உண்மையாகவே அறிவு வளருமா, அல்லது கண்தான் கெடுமா என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ஆகவே, கணினியில் செய்யும் பாவனைப் பயிற்சி என்றால் என்ன, படமும் ஒலியும் எழுத்தும் கலந்த பல்லூடகப் பாடம் எப்போது பயன் தரும், எப்போது பயன் தராது என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

பாவனை என்பது என்ன?

ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்று சொல்வதை நாம் பாவனை என்று சொல்லலாம். உண்மையான ஒன்றைப் போலவே நடந்துகொள்ளும் வேறொன்றை அமைத்து, அதில் பழகுவதே பாவனை. இது நமக்குப் புதிதன்று. சிறு பெண்கள் சிரட்டையில் மண்ணைப் போட்டுச் சோறு சமைக்கிறார்கள். சோறு வேகாது, கையும் சுடாது. ஆனால் உலை வைப்பது, கிளறுவது, பரிமாறுவது என்ற வரிசை மனத்தில் பதிந்துவிடுகிறது.

பால்மரம் சீவப் பழகுகிறவரை எடுத்துக்கொள்வோம். முதல் நாளே நல்ல மரங்கள் உள்ள நிரையை அவரிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? உளி ஆழமாக இறங்கினால், பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படலம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற மரம் ஒரு நிமிடத்தில் பழுதாகிவிடும். அதனால்தான், வெட்டிச் சாய்க்கப் போகிற கிழட்டு மரத்தில் முதலில் கையைப் பழக்குவார்கள். அங்கே பிழை செய்தால் நட்டம் இல்லை.

பாவனைப் பயிற்சியின் உயிர்நாடியே இதுதான். கற்றுக்கொள்கிறவன் பிழை செய்வான். பிழை செய்யாமல் எவரும் எதையும் கற்றதில்லை. அந்தப் பிழையால் உயிருக்கும் பொருளுக்கும் சேதம் வராத ஓர் இடத்தை அமைத்துக் கொடுப்பதே பாவனை.

தரையில் நின்று பறந்த விமானம்

இந்தக் கருத்தை இயந்திரமாக்கியவர்களுள் முன்னோடி, அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரைச் சேர்ந்த எட்வின் லிங்க். அவருடைய தந்தையார் பியானோ, ஆர்கன் ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கையாளுவது மகனுக்குக் கைவந்த கலை. அவருக்கு விமானம் ஓட்ட ஆசை; ஆனால் பயிற்சிக் கட்டணமோ மிக அதிகம். ஆகவே அந்தத் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாயவும் திரும்பவும் கூடிய சிறு விமானக் கூடு ஒன்றை 1929-ஆம் ஆண்டில் செய்து முடித்தார்.

முதலில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தாம் அதை வேடிக்கைப் பொருளாக வாங்கின. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானப் படை அஞ்சல் மூட்டைகளை விமானத்தில் கொண்டு செல்லும் பொறுப்பை ஏற்றது. மேகத்திலும் பனியிலும் கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் பயிற்சி விமானிகளுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகே இராணுவம் லிங்க்கின் பயிற்சிக் கூடுகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் அமர்ந்து பழகினார்கள். இன்று பயணிகள் விமானத்தை ஓட்டுகிறவர்களும், இயந்திரம் ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்பதைக் கணினியால் இயங்கும் பாவனை விமானத்தில்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். வேடிக்கைப் பொருள் என்று ஒதுக்கப்பட்டது உயிர்காக்கும் ஆசானாக மாறிய கதை இது. பார்ப்பதற்கு விளையாட்டாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பாடம் அல்ல என்று தள்ளிவிட முடியாது.

கணினி வகுப்பறைக்கு வந்தது

கணினியைப் பாடம் சொல்லப் பயன்படுத்தும் முயற்சி 1960-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்பவர் பிளேட்டோ என்ற பெயரில் அதனை அமைத்தார். 1967-ஆம் ஆண்டில் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய நண்பர்களும் சிறுவர்களுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள்.

லோகோவில் ஆமை ஒன்று உண்டு. "நூறு அடி முன்னால் போ, வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்பு" என்று நான்கு முறை கட்டளையிட்டால் அது ஒரு சதுரம் வரையும். வட்டம் வரைய வேண்டுமானால் என்ன கட்டளை இடுவது? குழந்தை எழுந்து தானே வட்டமாக நடந்து பார்க்கிறது. ஓர் அடி எடுத்து வைக்கிறது, சிறிது திரும்புகிறது, மறுபடி ஓர் அடி, மறுபடி சிறிது திருப்பம். ஆமைக்கும் அதையே சொல்கிறது, வட்டம் வந்துவிடுகிறது! கட்டளை பிழையானால் ஆமை கோணல்மாணலாகப் போகும், அவ்வளவுதான். பிரம்பும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. எங்கே பிழைத்தது என்று தேடித் திருத்துவதே அங்கே பாடம்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுதல்

இனி, தொடக்கத்தில் கண்ட மின்கலத்துக்கும் விளக்குக்கும் வருவோம். 2001-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் கார்ல் வீமன். அவர் 2002-ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பௌதிகம், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றுக்கான பாவனைகளைச் செய்து உலகுக்கு இலவசமாக வழங்கும் திட்டம் அது. மலாய் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அவை பெயர்க்கப்பட்டுள்ளன. தமிழிலும் சில கிடைக்கின்றன.

அங்கே ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பௌதிகம் பயிலும் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையான கம்பி, மின்கலம், விளக்கு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கணினிப் பாவனையை மட்டும் கொடுத்தார்கள். பிறகு இரு பிரிவினரும் உண்மையான பொருள்களைக் கொண்டு ஒரு மின்சுற்றை அமைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டும். கம்பியையே தொடாமல் பழகியவர்கள் அந்தச் சுற்றை விரைவாக அமைத்தார்கள்; விளக்கமும் நன்றாகச் சொன்னார்கள்; பின்னர் நடந்த தேர்விலும் மின்சுற்றுக் கேள்விகளுக்கு மேலாக விடையளித்தார்கள்.

இது எப்படி முடிந்தது? உண்மையான கம்பிக்குள் மின்சாரம் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பலர், மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டத்தை முதல் விளக்கு பாதி தின்றுவிடுகிறது, மிச்சம்தான் அடுத்த விளக்குக்குப் போகிறது என்று நினைக்கிறார்கள். பாவனையிலோ, கம்பிக்குள் சிறு உருண்டைகள் நகருவதைக் காணலாம். விளக்குக்கு முன்னாலும் பின்னாலும் அவை ஒரே வேகத்தில் ஓடுகின்றன. இரண்டு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் உருண்டைகள் மெதுவாக நகர்கின்றன, இரண்டுமே மங்கலாக எரிகின்றன. தனித்தனிக் கிளையாக இணைத்தால் இரண்டும் பளிச்சென்று எரிகின்றன. வீட்டில் ஒரு விளக்கை அணைத்தால் மற்ற விளக்குகள் ஏன் அணைவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கிவிடும். உண்மையான பொருள்களில் மின்கலம் தீர்ந்திருக்கும், கம்பி முனை துருப்பிடித்திருக்கும்; மாணவன் பாதி நேரத்தை அதிலேயே செலவிடுவான். பாவனையில் அந்தத் தொல்லை இல்லை.

ஆய்வுக்கூட வசதி குறைந்த சிறு பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை எண்ணிப் பாருங்கள். நாட்டில் இன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் பிறந்தவை, மாணவர் தொகை குறைந்தவை. பட்டணத்துப் பள்ளி விலை கொடுத்து வாங்கும் கருவிகளின் பயனில் ஒரு பகுதியைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்தத் திரை கொண்டுவந்து சேர்க்கக்கூடும்.

கண்ணும் காதும்

பாவனையில் பிள்ளை தானே செய்கிறது. பல்லூடகப் பாடத்தில் படமும் பேச்சும் எழுத்தும் சேர்ந்து வருகின்றன. இவை எப்படிச் சேர்ந்தால் மனத்தில் பதியும் என்பதைக் கலிபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். மின்னல் எப்படி உண்டாகிறது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு எப்படி வேலை செய்கிறது என்பவை போன்ற சிறு பாடங்களை வெவ்வேறு வகையாகக் காட்டிச் சோதித்தார்.

அவர் கண்டவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறோம். சொல்லை மட்டும் கொடுப்பதைவிடச் சொல்லும் படமும் சேர்ந்தால் நன்றாக விளங்குகிறது. அசையும் படத்துக்கான விளக்கத்தைத் திரையில் எழுதிக் காட்டுவதைவிடக் குரலில் சொல்வது மேல். எழுத்தையும் கண்தான் படிக்க வேண்டும், படத்தையும் கண்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒரே வாசலில் இருவர் முட்டிக்கொள்வதைப் போல ஆகிறது. குரல் காதின் வழியே போய்விடுகிறது. மூன்றாவது மிக முக்கியம். பாடத்தோடு தொடர்பில்லாத பாட்டு, வேடிக்கைக் கதை, கண்ணைப் பறிக்கும் படம் ஆகியவற்றைச் சேர்த்தால் பிள்ளைகள் கற்பது குறைகிறது! மனம் ஒரே வேளையில் சிறிதளவு சுமையைத்தான் தாங்கும். அலங்காரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் பாடத்துக்கு இடம் இல்லை.

ஆகவே, பளபளப்பாக இருக்கும் பாடமே நல்ல பாடம் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. அடக்கமான படமும் தெளிவான குரலும் உள்ள பாடமே பெரும்பாலும் அதிகப் பயன் தரும்.

கருவி மட்டும் போதுமா?

நம் நாட்டில் இந்த முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1966-ஆம் ஆண்டில் பள்ளி வானொலி தொடங்கியது. 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 1999-ஆம் ஆண்டில் விவேகப் பள்ளித் திட்டம் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் சோதனையாக அமைக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, அந்தப் பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் படத்தைச் சுவரில் காட்டும் கருவியும் வழங்கப்பட்டன.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிருமித் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போதுதான் குறை எங்கே இருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் உண்டு. தகப்பனார் வேலைக்குக் கொண்டுபோன தொலைபேசி திரும்பி வரும் வரையில் காத்திருந்த பிள்ளைகள் உண்டு. சபா மாநிலத்தில் ஒரு மாணவி அலை கிடைப்பதற்காக மரத்தின்மேல் இரவைக் கழித்த செய்தியை அந்த ஆண்டு நாடே பேசியது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை முன்னே போகவும் இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கவும் இதே கணினி காரணமாகலாம் என்பதை அன்று நாம் கண்ணால் கண்டோம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்வித் தொலைக்காட்சிக்கென்று டிடேக் டிவி என்ற தனி அலைவரிசை தொடங்கப்பட்டதும் இந்தக் குறையை ஓரளவு நிரப்புவதற்கே.

கருவி கிடைத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? தென்னமெரிக்காவின் பெரு நாடு ஏழைப் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. 319 தொடக்கப்பள்ளிகளை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? பிள்ளைகளின் சிந்தனைத் திறன் சிறிது வளர்ந்ததற்கு அறிகுறி உண்டு. ஆனால் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. கணினி வந்தது, அதைக் கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது என்ற பயிற்சி ஆசிரியர்களுக்குப் போதிய அளவில் வரவில்லை. 2015-ஆம் ஆண்டில் ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பு பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதும், பள்ளிக் கணினிக்குப் பெருஞ்செலவு செய்த நாடுகளின் தேர்ச்சி அதனாலேயே குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்துவிடவில்லை என்றே கண்டது. உளியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் ஒருவர் மரம் சீவக் கற்றுக்கொள்வதில்லை; பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்கும் கை வேண்டும்.

பாவனைக்கு இன்னொரு குறையும் உண்டு. அதைச் செய்தவர் எதை உள்ளே வைத்தாரோ அது மட்டுமே அதில் நடக்கும். திரையில் வளரும் செடிக்குப் புழு விழாது, மழை தவறாது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்ற பழமொழி திரைச் சுரைக்காய்க்கும் பொருந்தும். உண்மைப் பொருளும் பாவனையும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்க வேண்டும்.

பெற்றோர் செய்யக் கூடியவை

"நாங்கள் அதிகம் படிக்கவில்லையே, எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று சில பெற்றோர் தயங்கலாம். முடியும். பிள்ளை பாவனையைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" செய்த பிறகு, "என்ன நடந்தது?" பிறகு, "ஏன் அப்படி நடந்தது?" இவற்றுக்கு விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளை தன் வாயால் சொல்லும்போதே அதன் மனத்தில் தெளிவு பிறக்கிறது. விடை சொல்லத் தெரியாமல் வெறுமனே பொத்தானை அழுத்திக் கொண்டிருந்தால், அப்போது அது விளையாட்டுதான் என்று அறிந்துகொள்ளலாம்.

உங்களுக்குத் தெரிந்தவற்றைப் பிள்ளையின் பாடத்தோடு சேர்த்து வையுங்கள். ரப்பர் பாலில் அம்மோனியா சேர்த்தால் அது உறையாமல் நிற்கும், ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் உறைந்துவிடும் என்பது பால்வெட்டுக் குடும்பங்களுக்குப் பழகிய சங்கதி. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. அமிலம் அந்த ஏற்றத்தைத் தணித்துவிடவே அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அமிலத்தையும் காரத்தையும் அளந்து காட்டும் பாவனை ஒன்று ஃபெட் திட்டத்தில் இருக்கிறது. அதில் பிள்ளை அமிலத்தில் நீரை ஊற்றினால் எண் எப்படி மாறுகிறது என்று பார்க்கட்டும். பால் உறைந்த கதையைத் தாயார் பக்கத்திலிருந்து சொல்லட்டும். பாடப் புத்தகத்தில் இருக்கும் அமிலமும் அம்மா வேலையில் கண்ட அமிலமும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அறிவியல் அந்நியமாக இராது. தாயாரின் உழைப்பின் மீதும் மதிப்பு வளரும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நாம் சொன்ன பாவனைகளில் பல சாதாரணக் கைத்தொலைபேசியிலேயே வேலை செய்யும். அலை கிடைக்கும் இடத்தில் ஒரு முறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாதபோதும் அவற்றைத் திறக்கலாம். இதற்கு உங்கள் பள்ளி ஆசிரியரின் உதவியைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஒரு வீட்டில் ஒரே தொலைபேசிதான் உண்டு என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சுற்றி உட்காரட்டும். ஒருவன் செய்ய, மற்றவர்கள் "இப்படி இணை, அப்படி இணை" என்று வாதாடுவதும் கல்விதான். நேரத்துக்கு மட்டும் ஒரு வரம்பு கட்டுங்கள். திரையில் விளக்கை எரித்த பிள்ளையின் கையில் ஒரு பழைய டார்ச் விளக்கின் மின்கலத்தையும் சிறு விளக்கையும் கம்பியையும் கொடுத்து, "இதிலும் எரித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தை மட்டும் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

பிள்ளைகள் பிழை செய்யும்போது பொறுமையாக இருங்கள். அஞ்சாமல் பிழை செய்து, அதைத் தானே கண்டு திருத்தும் பிள்ளைதான் நாளை ஒரு தொழிலை நம்பிக்கையோடு ஏற்று நடத்தும். அந்த வாய்ப்பு நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு உங்களால் இயன்றதை இன்றே தொடங்குங்கள்.